கான்சாஸின் நிக்கோடீமஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே நிக்கோடீமஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் வந்து குடியேறிய ஊர் அது. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறோம். முதலில் ஊரின் இடமும் நிர்வாகமும், பிறகு வரலாறு, கடைசியில் போகிறவர்களுக்கும் வேர் தேடுகிறவர்களுக்கும் தேவையானவை.

நிக்கோடீமஸ் எங்கே இருக்கு? மேப்புல தேடினா பக்கத்து ஊர் பேரைக் காட்டுதே?

கான்சாஸின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டியின் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கிழக்குப் பகுதியில், யு.எஸ். 24 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. கிழக்கே ஸ்டாக்டன் சுமார் 20 மைல். மேற்கே கவுண்டியின் தலைமை ஊரான ஹில் சிட்டி சுமார் 12 மைல். ஊருக்குத் தெற்கே தென் சாலமன் ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. அது வட சாலமனோடு சேர்ந்து, ஸ்மோக்கி ஹில் ஆற்றில் கலந்து, கான்சாஸ் ஆறாகி மிசூரியைச் சேர்கிறது. இந்த ஆற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் தலையெழுத்தில் பாதி, ஆற்றின் எந்தக் கரையில் ஊர் இருந்தது என்பதில் அடங்கியிருக்கிறது.

பக்கத்து ஊர் பெயர் வருவதற்குக் காரணம் தபால். நிக்கோடீமஸ் தபால் நிலையம் 1877இல் திறந்து 1953இல் மூடப்பட்டது. அன்றிலிருந்து தபால் குறியீடு போக் என்ற ஊருடையது: 67625. முகவரியாகத் தேடினால் போக் வரும். ஊர்ப்பெயரோடு மாநிலப் பெயரையும் சேர்த்துத் தேடினால் சரியான இடம் வரும்.

"அன்இன்கார்ப்பரேட்டட்" ஊருன்னா என்ன? சட்டவிரோத ஊரா?

இல்லை. தனக்கென நகராட்சி அமைத்துக்கொள்ளாத ஊர், அவ்வளவுதான். மேயர் கிடையாது, நகர மன்றம் கிடையாது, நகர வரி கிடையாது, சட்டப்படியான ஊர் எல்லையும் கிடையாது. நம்மூரில் ஒரு குக்கிராமம் தனி ஊராட்சியாக இல்லாமல் பெரிய ஊராட்சிக்குள் அடங்கியிருப்பதைப் போன்ற நிலை. பெயர் இருக்கும், கோயில் இருக்கும், சுடுகாடு இருக்கும். தலைவர் மட்டும் பக்கத்து ஊரில் இருப்பார்.

நிக்கோடீமஸில் காவலுக்குக் கவுண்டி ஷெரிஃப். நிலப்பதிவுக்கும் சொத்து வரிக்கும் ஹில் சிட்டியில் உள்ள கவுண்டி அலுவலகம். உள்ளூர்க் காரியங்களுக்கு நிக்கோடீமஸ் டவுன்ஷிப் வாரியம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஊர்கள் ஏராளம். சில ஆயிரக்கணக்கானோர் வாழும் பெரிய குடியிருப்புகள்கூட.

டவுன்ஷிப்னா நெய்வேலி டவுன்ஷிப் மாதிரியா?

பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. இங்கே டவுன்ஷிப் என்பது முதலில் ஒரு சர்வே அளவு. 6 மைலுக்கு 6 மைல் சதுரம். அதை 36 செக்‌ஷன்களாகப் பிரிப்பார்கள். ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர், அதாவது அரை மைலுக்கு அரை மைல். கான்சாஸ் முழுவதும் இப்படிக் கோடு போட்டு அளந்த பிறகே மக்கள் குடியேறினார்கள். வானத்திலிருந்து பார்த்தால் சாலைகள் கட்டம் கட்டமாகத் தெரிவது இதனால்தான். நிக்கோடீமஸ் ஊர் மனையாக ஒதுக்கப்பட்டதும் இப்படி ஒரு கால் செக்‌ஷன், 160 ஏக்கர்.

சர்வே கட்டத்தை அடியொற்றி அமைந்த உள்ளாட்சி அமைப்புக்கும் டவுன்ஷிப் என்றே பெயர். கான்சாஸில் அதற்கு ஒரு டிரஸ்டி, ஒரு எழுத்தர், ஒரு பொருளாளர் என மூவர் வாரியம். ஊருக்கு நகராட்சி இல்லாவிட்டாலும் டவுன்ஷிப்புக்கு வரி விதிக்கவும் கடன் பத்திரம் வெளியிடவும் அதிகாரம் இருந்தது. பின்னால் ரயில் பற்றிய கேள்வியில் இது முக்கியமாகும்.

அங்கே மண்ணும் மழையும் எப்படி?

கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், மெல்ல ஏறி இறங்கும் புல்வெளி. மரங்கள் ஆற்றோரத்திலும் ஓடைக்கரையிலும் மட்டும். ஆண்டு மழை 550 மி.மீ.யை ஒட்டி, பெரும்பகுதி மே முதல் ஆகஸ்ட் வரை, இடியோடும் சில சமயம் ஆலங்கட்டியோடும் கொட்டும். மேற்குத் தீர்க்கரேகை 100 பாகைக் கோடு ஊருக்கு மேற்கே 35 கி.மீ.க்குள் போகிறது. அமெரிக்காவில் மானாவாரி வேளாண்மை தைரியமாகச் செய்யக்கூடிய நிலத்துக்கும் செய்யத் தயங்கும் நிலத்துக்கும் எல்லையாகச் சொல்லப்படும் கோடு அது.

எல்லையை ஒட்டிய நிலத்தில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. நான்கைந்து வருடம் நன்றாகப் பெய்யும். மக்கள் அதுதான் வழக்கம் என்று நம்பிக் கடன் வாங்கி நிலத்தை விரிப்பார்கள். அடுத்த நான்கைந்து வருடம் பொய்க்கும். நிக்கோடீமஸின் மக்கள்தொகை ஏற்ற இறக்கங்களை மழைக் கணக்கோடு சேர்த்துப் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியாது. இன்று சுற்றிலும் விளைவது பெரும்பாலும் குளிர்காலக் கோதுமையும் சோளமும். கோதுமையை செப்டம்பர், அக்டோபரில் விதைத்து ஜூன் கடைசியில் அல்லது ஜூலையில் அறுப்பார்கள்.

ஊரைத் தொடங்கினது யாரு? பேர் எப்படி வந்தது?

1877 ஏப்ரலில் நிக்கோடீமஸ் டவுன் கம்பெனி பதிவானது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் மூவர்: தலைவராக இருந்த கறுப்பினப் போதகர் டபிள்யூ. எச். ஸ்மித், இண்டியானாவிலிருந்து வந்த வெள்ளை இன நிலத்தரகர் டபிள்யூ. ஆர். ஹில், முதல் குடியேறியாகச் சொல்லப்படும் போதகர் சைமன் ரவுண்ட்ட்ரீ. ஜூலையில் டொபீகாவிலிருந்து சுமார் 30 பேர் வந்தார்கள். செப்டம்பரில் கென்டக்கியின் லெக்சிங்டன் பகுதியிலிருந்து சுமார் 300 பேர். ஊர் உண்மையில் ஊரானது அந்தச் செப்டம்பரில்தான். ஃப்ளெட்சர் தம்பதியும் இந்த முதல் வருடத்தவர்களே: ஸாக் ஃப்ளெட்சர் தபால் அதிகாரியாகவும் ஓட்டல் உரிமையாளராகவும் இருந்தார், ஜென்னி ஸ்மித் ஃப்ளெட்சர் முதல் பள்ளி ஆசிரியை.

பெயரைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. விவிலியத்தில் இரவில் இயேசுவைத் தேடிவந்த நிக்கொதேமுவின் பெயர் என்பது ஒன்று. தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியதாகச் சொல்லப்படும் ஓர் அடிமையின் பெயர் என்பது மற்றொன்று.

ஏன் 1877? ஏன் கான்சாஸ்?

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் உரிமையைக் காக்க நின்ற கூட்டாட்சிப் படைகள் அரசியல் பேரத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது 1877இல். ஓட்டுரிமை ஏட்டில் இருந்தது; போட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை. நிலம் பழைய முதலாளிகளிடமே இருந்ததால் விளைச்சலில் பங்கு தந்து வாரத்துக்கு உழுதவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கடனாளி ஆனார்கள். விட்டுப் போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கான்சாஸ் 1861இல் அடிமைமுறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்தது. அதற்காக அந்த மண்ணில் ரத்தம் சிந்தியிருந்தது. அடிமைமுறையை எதிர்த்து அங்கே ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுனின் பெயர் கறுப்பினக் குடும்பங்கள் எல்லாம் அறிந்த பெயர். அங்கே அரசு நிலமும் கிடைத்தது. மானமும் நிலமும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று நம்பியே போனார்கள்.

"எக்ஸோடஸ்டர்"னு படிச்சேன், அவங்கதானே இவங்க?

ஒரே ஓட்டத்தின் இரு அலைகள், ஆனால் ஒன்றல்ல. எக்ஸோடஸ்டர்கள் என்பது 1879இல் மிசிசிப்பி, லூசியானா போன்ற மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் எந்த அமைப்பும் ஏற்பாடும் இல்லாமல் கிளம்பி வந்தவர்கள். நிக்கோடீமஸ்காரர்கள் அதற்கு இரண்டு வருடம் முன்பே, கம்பெனி, கட்டணம், புறப்படும் தேதி என்று திட்டமிட்டு வந்தவர்கள்.

அந்தத் திட்டமிடலுக்குச் சாட்சியாக லெக்சிங்டனில் அச்சிட்ட துண்டறிக்கை ஒன்று இருக்கிறது. செப்டம்பர் 5ஆம் தேதி கான்சாஸ் போக விரும்பும் கறுப்பின மக்கள் 5 டாலரில் போகலாம் என்கிறது. குழுவில் சேர 1 டாலர். அதையும் 25 சென்ட் தவணைகளாகக் கட்டலாம், செப்டம்பர் 1க்குள் முடிக்க வேண்டும். ஒரு டாலரையும் நான்காக உடைத்துத்தான் கட்ட முடியும் என்ற நிலையில் இருந்தவர்கள் ஓர் ஊரை நிறுவக் கிளம்பினார்கள் என்பதை அந்தக் காகிதம் காட்டுகிறது.

160 ஏக்கர் சும்மாவே குடுத்தாங்களா?

விலை இல்லை, ஆனால் சும்மாவும் இல்லை. 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி குடும்பத் தலைவரோ 21 வயது நிரம்பியவரோ நில அலுவலகத்தில் மனுப்போட வேண்டும். நிக்கோடீமஸ்காரர்களுக்கு அது கிர்வினில் இருந்தது. மனுவின்போது பதிவுக்கட்டணம் 10 டாலரும் தரகு 2 டாலரும், முடிவில் 6 டாலரும் என மொத்தம் 18 டாலர். 6 மாதத்துக்குள் நிலத்துக்குக் குடிவர வேண்டும். 5 ஆண்டு அங்கேயே வாழ்ந்து, வீடு கட்டி, பயிர் செய்ததை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நிரூபித்தால் பட்டா கிடைக்கும். அவ்வளவு காலம் காத்திருக்க விரும்பாதவர்கள் 6 மாதம் குடியிருந்தபின் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இடையில் 6 மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டு விலகினால் உரிமை போகும். நிக்கோடீமஸில் இந்த விதி கழுத்தை நெரித்தது. கையில் காசு இல்லாததால் ஆண்கள் வெளியூருக்குக் கூலிக்குப் போயே ஆக வேண்டும். போனால் நிலத்தைப் பெண்களும் பிள்ளைகளும்தான் காத்தார்கள். அந்த ஐந்து வருடம் பெண்கள் குடிசையை விட்டு நகராமல் இருந்ததால் கைக்கு வந்த பட்டாக்கள் பல.

கென்டக்கியிலிருந்து எப்படி வந்து சேர்ந்தாங்க?

எல்லிஸ் என்ற ஊர் வரை ரயில். அங்கிருந்து வடக்கே சுமார் 35 மைல் பாதையே இல்லாத புல்வெளி. நடந்தோ மாட்டுவண்டியிலோ இரண்டு நாள். 1878 வசந்தத்தில் வந்த குழுவில் குழந்தைகள் பலர் எல்லிஸிலேயே தட்டம்மையில் இறந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி முதுமையில் பத்திரிகைக்குச் சொன்ன நினைவுகள் அச்சாகியிருக்கின்றன. திசைகாட்டியைப் பார்த்தே நடந்ததையும், இரவில் விலங்குகளை விரட்டப் பெருந்தீ மூட்டியதையும் சொல்கிறார். ஊர் எங்கே என்று கேட்டபோது கணவர் கை காட்டிய திசையில், தரையிலிருந்து புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது. மண்ணுக்குள் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று தெரிந்ததும் அழுதுவிட்டார்.

முன்பு 1877 செப்டம்பரில் வந்தவர்களிலும் பல குடும்பங்கள் பார்த்த உடனே கிழக்குக் கான்சாஸுக்குத் திரும்பிவிட்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தரைக்குள்ள வீடா? அது எப்படிக் கட்டுவாங்க?

மேட்டுச் சரிவை உள்நோக்கிக் குடைந்து ஓர் அறை எடுப்பார்கள். மூன்று பக்கம் பூமியே சுவர். முன்பக்கம் மண்கட்டியாலோ கிடைத்த பலகையாலோ அடைத்து ஒரு கதவு. வடக்கிலிருந்து வரும் பனிக்காற்றுக்கு முதுகு காட்டுவது நல்லது. மேலே ஆற்றோரத்தில் வெட்டிய கழிகள், அதன்மேல் சுள்ளி, அதன்மேல் புல்வேரோடு வெட்டிய மண்கட்டி. மண்வெட்டி ஒன்றே போதும். மரம், ஆணி, உழவுமாடு எதுவும் இல்லாதவர்களுக்கு அது ஒன்றுதான் சாத்தியம். மண் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடுவதால் வெளியே உறைபனி இருக்கும்போதும் உள்ளே சிறு அடுப்பில் தாங்கலாம்.

கெடுவது பெரும்பாலும் கூரைதான். ஒரு நாள் மழை பெய்தால் மண்கூரை அதை உறிஞ்சி மூன்று நாள் சொட்டும். ஊறிக் கனத்துக் கழி முறியும். பாம்பும் பூச்சியும் கூரைக்குள் குடியேறும். மேயும் மாடு கூரைமேல் காலை வைத்தால் உள்ளே இறங்கிவிடும். அடுத்த கட்டமாகக் கட்டியது மண்கட்டி வீடு: சுமார் 1 அடி அகலம், 2 அல்லது 3 அடி நீளம், 4 அங்குல கனத்தில் புல்தரையை வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல் போல அடுக்குவார்கள். அதற்குத் தரையைச் சீராகப் பிளக்கும் கலப்பையும் இழுக்க மாடோ குதிரையோ வேண்டும். அதனால்தான் முதல் வருடம் அது பலருக்கு எட்டவில்லை.

முதல் குளிர்காலத்துல சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?

கடுமையாகக் கஷ்டப்பட்டார்கள். காரணம் காலண்டர். கன்னிப் புல்வெளியை மே, ஜூனில் உடைத்தால்தான் வேர்முடிச்சு மக்கி மண் பயிருக்குத் தயாராகும். இவர்கள் வந்து இறங்கியது செப்டம்பரில். கையில் மண்வெட்டியும் கொத்தும்தான்; குதிரைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அடுத்த வருடம்கூட ஒரு குடும்பம் கையால் கொத்தி எடுத்தது சில ஏக்கர்களே. 160 ஏக்கர் என்பது தாளில் இருந்த எண்.

விறகுக்குக் காட்டெருதுகளின் காய்ந்த சாணத்தையும் சூரியகாந்தித் தட்டையையும் எரித்தார்கள். தூதுக்குழுக்கள் கிழக்குக் கான்சாஸுக்கும் பிற மாநிலங்களுக்கும் போய் உணவும் விதையும் திரட்டிவந்தன. வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்ததால் பிழைத்தோம் என்று ஊர்க் குடும்பங்கள் தலைமுறையாகச் சொல்லிவருகின்றன.

அந்த நிலம் அதுக்கு முன்னாடி யாரோடது?

பானி, கான்சா, செயென், அரபாஹோ மக்கள் காட்டெருது வேட்டையாடி வாழ்ந்த நிலப்பரப்பு. ஒப்பந்தங்களாலும் படையாலும் அவர்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹோமா பக்கம் தள்ளப்பட்ட பிறகே அது "காலி அரசு நிலம்" ஆனது. நிக்கோடீமஸ்காரர்களுக்குக் கிடைத்த நிலம் இன்னொருவரிடமிருந்து பறிக்கப்பட்டது. இதை விட்டுவிட்டு ஊரின் வரலாற்றைச் சொன்னால் அது அரைக் கதை. ஓசேஜ் மக்களும் அப்படித் துரத்தப்பட்டவர்களே என்பதை மேலே சொன்ன உதவியோடு சேர்த்துப் படியுங்கள்.

டபிள்யூ. ஆர். ஹில் ஏமாத்துக்காரர்தானா?

மனை விற்றவர் மனையைப் பற்றிச் சொன்னது மிகை, அதில் சந்தேகமில்லை. வளமான மண், மரம், நீர், ஏற்கெனவே எழுந்த ஊர் என்று நம்பி வந்தவர்கள் வெறும் புல்லைப் பார்த்தார்கள். ஆத்திரத்தில் அவரைத் தூக்கிலிட முயன்றதாகக்கூடக் கதை உண்டு. ஹில் பக்கத்தில் எழுப்பிய இன்னொரு ஊருக்கு அவர் பெயரே நிலைத்தது: ஹில் சிட்டி. 1888இல் கவுண்டித் தலைமையும் அங்கே போய்ச் சேர்ந்தது.

ஆனால் நிலம் பொய்யல்ல. ஹோம்ஸ்டெட் உரிமை உண்மையானது; தாக்குப்பிடித்தவர்களுக்குப் பட்டா கிடைத்தது. எங்கள் கணிப்பில், அவர் செய்த பெரிய தீங்கு மிகைப்படுத்தியது மட்டுமல்ல. பயிர்க்காலம் முடிந்த செப்டம்பரில் வெறுங்கையோடு மனிதர்களைக் கொண்டுவந்து இறக்கியது.

ஊர் நல்லா இருந்த காலம்னு ஒண்ணு இருந்ததா?

இருந்தது. 1880களின் நடுவில் மழையும் ஒத்துழைத்தது. கடைகள், ஓட்டல்கள், தேவாலயங்கள், வங்கி, பேஸ்பால் அணி, ஊதுகுழல் இசைக்குழு எல்லாம் வந்தன. 1886, 1887இல் வாரப் பத்திரிகைகள் இரண்டு தொடங்கின: வெஸ்டர்ன் சைக்ளோன், நிக்கோடீமஸ் என்டர்பிரைஸ். ஊரும் சுற்றுப் பண்ணைகளும் சேர்ந்து சில நூறு பேர். வெள்ளையரும் சிலர் அங்கே கடை வைத்திருந்தார்கள்.

1878இல் இங்கு வந்த எட்வர்ட் மெக்கேப் 1882இல் கான்சாஸ் மாநிலக் கணக்குத் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்றார். மாநிலம் தழுவிய பதவியை அங்கே வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். தரையைக் குடைந்து வாழ்ந்த ஊரிலிருந்து ஐந்தே வருடத்தில் மாநிலத் தலைநகருக்கு ஓர் ஆள் போனார். பின்னாளில் அவர் ஓக்லஹோமாவுக்குப் போய் லாங்ஸ்டன் என்ற கறுப்பர் ஊரை நிறுவுவதில் முன்னின்றார்.

ரயில் வராததாலதான் ஊர் அழிஞ்சதுன்னு சொல்றாங்க. உண்மையா?

முதல் அடி அதுதான். மிசூரி பசிபிக் ரயில் பாதை தங்கள் ஊர் வழியாக வர வேண்டும் என்று 1887இல் டவுன்ஷிப் வாக்காளர்கள் 16,000 டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதம் தந்தார்கள். சிறு ஊருக்கு அது மலைக்கத்தக்க தொகை. கம்பெனி வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் வந்தது, ஆனால் ஆற்றின் தென்கரையில், சில மைல் தள்ளி. ரயில் வேலையாட்களின் முகாம் இருந்த இடமே போக் என்ற ஊரானது. தானியம் விற்கவும் சரக்கு இறக்கவும் எல்லோரும் ஆற்றைக் கடந்து போக வேண்டும் என்றானதும், நிக்கோடீமஸ் வியாபாரிகள் கடையைப் பெயர்த்துக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள். சில கட்டடங்களையே தூக்கி வண்டியில் ஏற்றிப் போனார்கள்.

ரயில் வந்திருந்தா இன்னைக்குப் பெரிய ஊரா இருந்திருக்குமா?

இருந்திருக்காது. ரயில் கிடைத்த போக் இன்று சுமார் 150 பேர் கொண்ட ஊர். 1910இல் எட்டாயிரத்தைத் தாண்டிய கிரஹாம் கவுண்டியின் மக்கள்தொகை 2020இல் 2,415. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதாது; ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே குடும்பம் பார்த்துக்கொள்ள முடிகிறது. ஆள் குறைந்தால் கடை குறையும், பள்ளி மூடும்.

நிக்கோடீமஸில் 1888க்குப் பிறகும் பண்ணைகள் தாக்குப்பிடித்தன; ஊர் வியாபாரத் தலமாக இல்லாமல் உழவர் சமூகமாக நீடித்தது. 1929இன் பொருளாதாரச் சரிவும் 1930களின் புழுதிப் புயல்களும்தான் அதை முறித்தன. எனவே ரயில் 1888இன் விளக்கம். இன்றைய நிலைக்கு வறட்சியும் இயந்திரமும் விளக்கம்.

நகராட்சியா பதிவு பண்ணியிருந்தா ரயில் கம்பெனி மதிச்சிருக்குமோ?

அப்படி நினைக்கக் காரணமில்லை. முன்பு சொன்னபடி பத்திரம் வெளியிட டவுன்ஷிப்புக்கே அதிகாரம் இருந்தது, அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். தடை நகராட்சி அந்தஸ்து அல்ல. பாதை எந்தக் கரையில் போவது என்பதை ரயில் கம்பெனிகளே முடிவு செய்தன; அந்த அறையில் நிக்கோடீமஸ்காரர் எவருக்கும் நாற்காலி இல்லை.

14 பேர்னு ஒரு இடத்துல, அதிகமா இன்னொரு இடத்துல இருக்கே. எது சரி?

2020 கணக்கெடுப்பில் நிக்கோடீமஸ் முதல்முறையாகத் தனிக் கணக்கெடுப்பு இடமாக வரையறுக்கப்பட்டது. அந்த எண்தான் 14. அதற்கு முன் சட்டப்படி எல்லை இல்லாததால் ஊருக்கென்று தனி எண் வெளியாகவில்லை; டவுன்ஷிப் முழுவதன் எண்ணை ஊரின் எண்ணாகப் பலர் எழுதினார்கள். 1880களின் எண்களிலும் இதே குழப்பம்: சிலர் ஊர்மனையை மட்டும் எண்ணினார்கள், சிலர் பண்ணைகளையும் சேர்த்தார்கள். ஒப்பிடும்போது எது எந்தப் பரப்பு என்று பாருங்கள்.

அப்போ இது பேய் ஊரா? இல்ல "மிஞ்சியிருக்கிற ஒரே கறுப்பர் ஊரா"?

பேய் ஊர் இல்லை. மக்கள் வாழ்கிறார்கள், டவுன்ஷிப் இயங்குகிறது. அந்தச் சொல் ஊர்க்காரர்களைப் புண்படுத்தும், தவிர்த்துவிடுங்கள். "மேற்கில் மிஞ்சிய ஒரே கறுப்பர் ஊர்" என்பதையும் அப்படியே எழுதக்கூடாது. ஓக்லஹோமாவில் லாங்ஸ்டன், போலி (Boley) போன்ற ஊர்கள் இன்றும் இருக்கின்றன. போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் கறுப்பின மக்கள் மேற்கில் அமைத்தவற்றுள் எஞ்சியிருக்கும் ஒரே ஊர் என்று காலத்தையும் சேர்த்துச் சொன்னால் சரி.

பார்க்க என்னென்ன மிச்சம் இருக்கு?

ஐந்து கட்டடங்கள். செயின்ட் ஃபிரான்சிஸ் ஓட்டல், ஃப்ளெட்சர் தம்பதியின் இடம். சுண்ணாம்புக்கல்லில் எழுந்து பின்னர் பூசப்பட்ட ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் என்ற கறுப்பினத் திருச்சபை) தேவாலயம், 1885. பழைய முதல் பாப்டிஸ்ட் தேவாலயம், 1907. முதலாம் எண் பள்ளி மாவட்டக் கட்டடம், 1918. பள்ளி 1960இல் மூடியது. டவுன்ஷிப் மண்டபம், 1939, பொருளாதார நெருக்கடிக் கால அரசு வேலைத் திட்டத்தில் சுண்ணாம்புக்கல்லால் கட்டியது. 1976இல் நிக்கோடீமஸ் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1996 நவம்பரில் தேசியப் பூங்காத் துறையின் கீழ் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பு வந்ததால் எல்லாம் அரசுச் சொத்தாகிவிடவில்லை. ஏ.எம்.இ. தேவாலயம் பூங்காத் துறையுடையது. மற்றவற்றில் தனியாருடையதும் டவுன்ஷிப்புடையதும் உண்டு.

ஜூலை கடைசியில ஏதோ திருவிழாவாமே?

விடுதலை நாள் விழா. இப்போது ஹோம்கமிங் என்கிறார்கள். ஜூலை கடைசி வார இறுதியில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வழித்தோன்றல்கள் வருவார்கள். 14 பேர் ஊரில் நூற்றுக்கணக்கானோர் கூடுவார்கள்: ஊர்வலம், வழிபாடு, விருந்து. முதலில் ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஆற்றோரத் தோப்பில் நடந்தது. 1834இல் அதே தேதியில் பிரிட்டிஷ் கரீபியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததன் நினைவு அது. தமிழர்களுக்கும் அந்தத் தேதியில் பங்குண்டு. அடிமைகள் விடுபட்டதால் ஆள் தேடிய கரும்புத் தோட்ட முதலாளிகளே மொரீஷியஸுக்கும் பிறகு கரீபியத் தீவுகளுக்கும் நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள்.

கார்ல போனா எந்த வழி? என்ன எடுத்துட்டுப் போகணும்?

இன்டர்ஸ்டேட் 70இல் ஹேஸ் நகரில் இறங்கி, யு.எஸ். 183இல் வடக்கே ஸ்டாக்டன் வரை, பிறகு யு.எஸ். 24இல் மேற்கே. மேற்கிலிருந்து வந்தால் வாகீனியில் இறங்கி, யு.எஸ். 283இல் வடக்கே ஹில் சிட்டி, அங்கிருந்து கிழக்கே. பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் ஹேஸ், ஸ்டாக்டன் அல்லது ஹில் சிட்டியில் முடித்துக்கொள்ளுங்கள். ஊரில் பெட்ரோல் பங்கும் விடுதியும் கிடையாது. பார்வையாளர் நேரம் மாறும். பூங்காத் துறையின் இணையப் பக்கத்தில் முந்தின நாள் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும், நிழல் குறைவு. குளிர்காலத்தில் பனிப்புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஒரு குடும்பம் நிக்கோடீமஸ்ல நிலம் வாங்குச்சான்னு எப்படித் தேடறது?

அமெரிக்க நில மேலாண்மைப் பணியகத்தின் இணையதளத்தில் பழைய பட்டாக்கள் படமாகக் கிடைக்கின்றன. மாநிலம் கான்சாஸ், கவுண்டி கிரஹாம், குடும்பப் பெயர் கொடுத்துத் தேடுங்கள். பட்டாவில் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் (வடக்கு தெற்காக அடுக்கிய டவுன்ஷிப் வரிசை) எண்கள் இருக்கும். முன்பு சொன்ன கட்டத்தை வைத்து நிலத்தை வரைபடத்தில் கண்டுபிடிக்கலாம். குடியேறியவர் மனுக் கோப்பு வேறு. அதில் வீட்டின் அளவு, உழுத ஏக்கர், சாட்சிகள் பெயர் எல்லாம் இருக்கும். அதைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் பட்டா எண்ணைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

1890 கூட்டாட்சிக் கணக்கெடுப்பு தீயில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. அந்த இடைவெளியைக் கான்சாஸ் மாநிலத்தின் 1885, 1895 கணக்கெடுப்புகள் நிரப்பும். பின்னோக்கிப் போனால் 1870க்கு முன் சுவர் எழும்பும். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளி பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயதும் பாலினமும் நிறமும் மட்டும், பெயர் அநேகமாக இராது. அங்கிருந்து கென்டக்கியின் உயில்கள், சொத்துப் பங்கீட்டு ஆவணங்கள் வழியாகத்தான் தேட வேண்டும். ஒரே குடும்பப் பெயர் பல குடும்பங்களுக்கு இருக்கும். பழைய முதலாளியின் பெயரை விடுதலைக்குப் பிறகு பலர் எடுத்துக்கொண்டதே காரணம். பெயர் ஒத்துப்போனதும் முடிவுக்கு வந்துவிடாமல், வயது, மனைவி பெயர், அண்டை வீட்டார் பெயர் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கென்டக்கியில் பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் நிக்கோடீமஸிலும் பக்கத்துப் பக்கத்து நிலங்களையே எடுத்திருப்பதை அடிக்கடி காணலாம்.